பல்கலைக்கழகம் மூடியிருக்கும் நாள்களில் மாணவர் ஒன்றியத்தின் பணம்: வாசகர் கேள்வி – பதில்

மாணவர் அமைப்புகளின் கணக்கு வழக்குகளைப் பற்றிய கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பல, வேலைநிறுத்தமோ நோயோ பொருளாதார நெருக்கடியோ காரணமாக வகுப்புகள் நின்றுபோகும் நாள்களில் ஒன்றியத்தின் பணத்தை எப்படிக் கையாள்வது என்பதையே கேட்டிருந்தன. அவற்றுள் ஐந்துக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: இலங்கையின் வட மாகாணத்தில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் பீட மாணவர் ஒன்றியத்தின் இளம் பொருளாளராக இருக்கிறேன். ஆண்டு மலருக்கும் கல்விச் சுற்றுலாவுக்கும் ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது, கல்வி நடவடிக்கைகள் மறு அறிவித்தல் வரை இடைநிறுத்தப்பட்டுவிட்டன. வங்கியில் 480,000 ரூபாய் இருக்கிறது. இதில் மலருக்கான விளம்பரங்களுக்காகக் கடைக்காரர்கள் தந்தது 190,000, சுற்றுலாவுக்கு மாணவர்கள் கட்டியது 135,000, நோயுற்ற ஒரு மாணவியின் சிகிச்சைக்காகச் சேர்த்தது 65,000. மீதி 90,000 ஒன்றியத்தின் பொது நிதி. அச்சகத்துக்கு முன்பணமும் கொடுத்துவிட்டோம். விடுதியை விட்டு வீடு திரும்பிக் கஷ்டப்படும் மாணவர்களுக்கு எல்லாப் பணத்தையும் பகிர்ந்துவிடலாம் என்று குழுவில் ஒரு சாரார் சொல்கிறார்கள். திறக்கும்வரை ஒரு சதத்தையும் தொடக் கூடாது என்கிறார்கள் மற்றவர்கள். என்ன செய்யலாம்?

பதில்: நீங்களே பிரித்து எழுதியிருக்கும் அந்த நான்கு தொகைகளுக்குள்தான் பதிலும் இருக்கிறது. வங்கிக் கூற்று 480,000 ரூபாய் என்று காட்டினாலும், ஒன்றியம் தன் விருப்பப்படி தீர்மானிக்கக்கூடிய தொகை அந்தக் கடைசி 90,000 ரூபாய் மட்டுமே. மற்றவை மூன்றும் ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று பிறர் நம்பித் தந்தவை. காரியம் தள்ளிப்போனாலும் அந்தப் பணத்தின்மேல் தந்தவருக்கு உள்ள உரிமை அப்படியே இருக்கிறது. குழுவில் இருக்கும் இரு சாராரும் மொத்தத் தொகையை ஒரே பணமாகப் பார்ப்பதால்தான் இந்த வாக்குவாதமே எழுந்திருக்கிறது. ஒருவர் எல்லாவற்றையும் கொடுக்கச் சொல்கிறார், மற்றவர் எல்லாவற்றையும் பூட்டச் சொல்கிறார், இரண்டுமே தவறு.

சிகிச்சை நிதியை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் மூடியிருப்பதற்கும் அந்த மாணவியின் நோய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த 65,000 ரூபாய் இந்த வாரமே அவருடைய குடும்பத்தின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். காசோலையாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்கி, மருத்துவமனைச் சிட்டையின் பிரதி ஒன்றையும் கணக்குக் கோவையில் சேர்த்துவிட்டால் போதும். பிற வேலைகள் நிற்கின்றன என்பதற்காக இதையும் நிறுத்தி வைத்தால், அந்தப் பணத்தைச் சேர்த்ததற்கே பொருள் இல்லாமல் போய்விடும்.

சுற்றுலாப் பணத்தைப் பொறுத்தவரை, இறுதியாண்டு மாணவர்களையும் ஏனையவர்களையும் வேறுபடுத்திப் பாருங்கள். மற்ற வருட மாணவர்கள் திறந்தபின் போகலாம் என்று காத்திருக்கச் சம்மதிக்கக்கூடும். இறுதியாண்டு மாணவர் பரீட்சை முடிந்ததும் வேலைக்கோ வீட்டுக்கோ போய்விடுவார். ஒரு வருடம் கழித்து அவரைத் தேடிப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது நடக்கிற காரியமல்ல. ஆகவே அவர்களுடைய பங்கை இப்போதே திருப்பிவிடுங்கள். மற்றவர்களிடம் “காத்திருக்கிறீர்களா, திரும்பப் பெறுகிறீர்களா” என்று எழுத்தில் கேட்டு, பதில் வராதவர்களின் பணத்தைத் தனியாக வைத்திருங்கள். பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

விளம்பரப் பணத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. கடைக்காரர் நன்கொடை தரவில்லை. தன் கடையின் பெயர் அச்சில் வருவதற்காகப் பணம் தந்திருக்கிறார். மாணவர்கள் ஊருக்குப் போய்விட்டதால் அவருடைய வியாபாரமும் படுத்திருக்கும் நேரம் இது. மலர் எப்போது வரும் என்று தெரியாத நிலையில், ஒவ்வொருவருக்கும் ஒன்றியத்தின் கடிதத்தலைப்பில், தலைவரும் பொருளாளரும் ஒப்பமிட்டு, தாமதத்தைச் சொல்லி, காத்திருப்பதா பணத்தை மீளப் பெறுவதா என்று அவரே தீர்மானிக்கும்படி எழுதுங்கள். அனேகமாக எல்லோருமே காத்திருப்பதாகச் சொல்லிவிடுவார்கள். அப்படிக் கேட்கப்பட்ட கடைக்காரர் அடுத்த வருடமும் விளம்பரம் தருவார், கேட்கப்படாதவர் தரமாட்டார். அச்சகத்துக்குக் கொடுத்த முன்பணத்துக்கும் அதே நாளில் ஒரு கடிதம் வேண்டும்: எவ்வளவு கொடுத்தோம், எந்த வேலைக்கு, அதுவரை எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது, மீதி எந்த விலையில் முடிக்கப்படும் என்பதை அச்சக உரிமையாளர் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும்.

எஞ்சியிருக்கும் 90,000 ரூபாயிலிருந்து மாணவர்களுக்கு உதவுவதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். மஹாபொலப் புலமைப்பரிசில் பணமோ உதவிப்பணமோ பிந்தும் மாதங்களில், கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைக்கு 3,000 ரூபாய் பெரிய தொகை. ஆனால் அதற்கு முன், பல்கலைக்கழகம் மூடியிருந்தாலும் ஒன்றியம் கொடுத்தே ஆக வேண்டியவற்றைக் கணக்கிட்டு, குறைந்தது மூன்று மாதங்களுக்கு உரிய தொகையை ஒதுக்கிவையுங்கள். உதவியைக் கடனாகக் கொடுக்க வேண்டாம். மாணவர் ஒன்றியத்தால் கடன் வசூலிக்க முடியாது, வசூலிக்க முயன்றால் நட்புத்தான் கெடும். சிறிய தொகையானாலும் உதவியாகவே கொடுங்கள். யாருக்குக் கொடுப்பது என்பதை இரண்டு மாணவர்களும் ஒரு விரிவுரையாளரும் சேர்ந்து தீர்மானிக்கட்டும். பெயர்ப் பட்டியல் கணக்காய்வாளரின் கண்ணுக்கு மட்டும் உரியது. உதவி பெறுபவரை நிற்கவைத்துப் படம் எடுத்து முகநூலில் போடும் வழக்கத்தை, தயவுசெய்து, உங்கள் ஒன்றியம் பின்பற்ற வேண்டாம்.

இதையெல்லாம் செய்வதற்குக் கையொப்பம் வேண்டுமே என்று கேட்பீர்கள். பல ஒன்றியங்களில், மாணவரான இளம் பொருளாளருக்கு மேலே, விரிவுரையாளர் ஒருவரே பெரும் பொருளாளர். அவருடைய ஒப்பமின்றிக் காசோலை செல்லாது. 2024 மே மாதத் தொடக்கத்தில் இலங்கைப் பல்கலைக்கழகங்களின் கல்விசாரா ஊழியர்கள் ஆரம்பித்த பணிப்புறக்கணிப்பு இரண்டு மாதங்களுக்கும் மேலாக நீடித்தது. அவ்வாறான வேளைகளில் நிதிக்கிளையில் ஒரு கோவையைக்கூட எடுக்க முடியாது. “சேர், நாலு காசோலையில் வெறுமனே ஒப்பம் போட்டுத் தாங்கோ” என்று கேட்கும் யோசனை அப்போதுதான் வரும். அதைச் செய்யவே கூடாது. அவர் வீட்டுக்குப் போய், பெயரும் தொகையும் எழுதிய காசோலையையும் அதற்குரிய தீர்மானத்தின் பிரதியையும் ஒன்றாகக் காட்டி ஒப்பம் வாங்குங்கள். கூட்டம் இணையவழி நடந்திருந்தால், குறிப்பை அன்றே எழுதி எல்லோருக்கும் அனுப்பி, “ஏற்கிறேன்” என்ற பதில்களை அச்செடுத்துக் கூட்டக் குறிப்பேட்டில் ஒட்டிவையுங்கள்.

காசேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. “பஸ் – 12,500” என்று மட்டும் எழுதப்பட்ட ஒரு வரியை ஆறு மாதம் கழித்து எழுதியவராலேயே விளக்க முடியாது. எந்தத் திகதி, எந்த வவுச்சர் இலக்கம், யாருக்கு, எந்தப் பயணத்துக்கு, எந்த நிதியிலிருந்து என்ற ஐந்தும் ஒரே வரியில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன “எந்த நிதியிலிருந்து” என்பதற்கு உங்கள் காசேட்டில் தனி நிரல் இல்லையென்றால், இன்றே ஒரு கோடு போட்டு அதை உருவாக்குங்கள்.

கேள்வி: பொருளாதார நெருக்கடியின்போது எங்கள் ஒன்றியத்தின் சேமிப்பு கண்முன்னே கரைந்துபோனது. அன்று நிலையான வைப்பில் போட்டிருந்தால் தப்பியிருக்குமா? மீண்டும் அப்படி ஒன்று வந்தால் டொலரோ தங்கமோ வாங்கி வைக்கலாமா? (முன்னாள் ஒன்றியச் செயலாளர், மட்டக்களப்பு)

பதில்: முழுமையாகத் தப்பியிருக்காது. 2022 மார்ச் மாதத்தில் மத்திய வங்கி ரூபாயின் மதிப்பைப் பிடித்துவைத்திருந்த கையைத் தளர்த்தியபின், 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாயைத் தொட்டது. ஏப்ரலில் கொள்கை வட்டி வீதங்கள் ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தப்பட்டன. வைப்புகளுக்கு 20 சதவீதத்துக்கு மேலும் வட்டி கிடைக்கத் தொடங்கியது. ஆனால் அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பொருள்களுக்கு 94.9 சதவீதம். எந்த வைப்பும் இந்த வேகத்தோடு ஓடியிருக்க முடியாது. நிலையான வைப்பில் போட்டிருந்தால் இழப்பு குறைந்திருக்கும் என்பது மட்டுமே உண்மை.

டொலரும் தங்கமும் வாங்குவதை நான் ஏற்கமாட்டேன். விலை ஏறினால் பாராட்டும் அதே மாணவர்கள், இறங்கினால் “யாரைக் கேட்டு வாங்கினாய்” என்று கேட்பார்கள், அந்தக் கேள்வி நியாயமானதாகவும் இருக்கும். மூன்று மாதச் செலவுக்கு உரியதைச் சேமிப்புக் கணக்கில் வைத்து, மீதியை ஒன்றியத்தின் பெயரிலேயே, அதே கையொப்பக்காரர்களின் அதிகாரத்தில், ஒரு மாத அல்லது மூன்று மாத வைப்பில் போடுவதற்கு மேல் எதுவும் தேவையில்லை. நீண்டகால வைப்பை இடையில் உடைத்தால் வட்டியில் பெரும்பகுதி போய்விடும். குழப்பமான காலத்தில் உடைக்க வேண்டிய நாள் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

விலையேற்றத்தை எதிர்கொள்ளும் உண்மையான வழி, பாதீட்டைத் திருத்துவதுதான். 2022 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள்: காகிதம் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் தள்ளிவைக்கப்பட்டன, ‘ஐலண்ட்’, ‘திவயின’ ஆகிய நாளிதழ்கள் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்த வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட மாதத்தில் முன்னர் திட்டமிட்ட அதே 200 பக்க மலரை அதே எண்ணிக்கையில் அச்சிடப் பிடிவாதம் பிடித்த ஒன்றியம் எதுவானாலும் கடனில்தான் முடிந்திருக்கும். பக்கங்களைக் குறைக்கலாம், பிரதிகளைக் குறைக்கலாம், விளம்பரம் தந்தவர்களின் சம்மதத்தோடு அடுத்த வருட மலருடன் சேர்த்து வெளியிடலாம். வருடத்துக்கு ஒருமுறை போடும் பாதீட்டை இத்தகைய காலத்தில் மாதந்தோறும் எடுத்து, ஒவ்வொரு செலவுக்கும் புதிய விலைக்கோரல் பெற்று, பழைய விலைக்கும் புதிய விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொதுக்குழுவின் முன் வையுங்கள்.

கேள்வி: வங்கிக்குப் போக வழியில்லாததால், நிவாரணத்துக்காக வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் அனுப்பும் பணத்தை எங்கள் பொருளாளரின் சொந்தக் கணக்கில் வாங்குகிறோம். அவர் மிகவும் நேர்மையானவர். இதில் தவறு உண்டா? (மாணவர் ஒருவர், திருகோணமலை)

பதில்: உண்டு. உடனே நிறுத்துங்கள். அவர் நேர்மையானவர் என்பதால்தான் இன்னும் அவசரமாக நிறுத்த வேண்டும். சொந்தப் பணமும் பொதுப் பணமும் கலந்துவிட்ட கணக்கை வைத்து அவரால் தன் நேர்மையை யாருக்கும் காட்ட முடியாது. வங்கிக்குப் போகாமலே ஒன்றியத்தின் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்ப முடியும். ஏற்கெனவே வந்த தொகையை முழுவதுமாக ஒன்றியக் கணக்குக்கு மாற்றி, அந்தக் காலத்துக்குரிய தம் வங்கிக் கூற்றைப் பொருளாளர் பெரும் பொருளாளரிடம் கையளிக்கட்டும். அனுப்பிய ஒவ்வொருவருக்கும் ஒன்றியத்தின் பற்றுச்சீட்டு போகட்டும்.

கேள்வி: இங்கிலாந்தில் படிக்கும் என் மகள் தன் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் அறங்காவலர்களில் ஒருவராகத் தெரிவாகியிருக்கிறாள். கொவிட் காலத்தில் அங்கே ஒன்றியங்கள் பெரும் இழப்பைச் சந்தித்ததாகச் சொல்கிறாள். அவர்கள் அதை எப்படிச் சமாளித்தார்கள்? அவள் எதைக் கவனிக்க வேண்டும்? (தாயார் ஒருவர், ஹாரோ, இலண்டன்)

பதில்: நமது நாட்டு ஒன்றியங்களோடு ஒப்பிட்டால் அங்குள்ளவை பெரிய நிறுவனங்கள். சம்பளத்துக்கு ஊழியர்கள் உண்டு. மதுச்சாலை, சிற்றுண்டிச்சாலை, கடை என்று வியாபாரமும் உண்டு. வருமானம் இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது: ஒன்று பல்கலைக்கழகம் வருடந்தோறும் தரும் மானியம், மற்றையது வியாபாரத்தில் ஒன்றியம் தானே ஈட்டுவது. 2020 மார்ச் 23ஆம் திகதி முடக்கம் அறிவிக்கப்பட்டபோது இரண்டாவது பக்கம் ஏறத்தாழ ஒரே இரவில் நின்றது. மானியத்தில் தங்கியிருந்த ஒன்றியங்கள் ஓரளவு தாக்குப்பிடித்தன. மதுச்சாலை வருமானத்தை நம்பி மாணவர் ஆலோசனைச் சேவை போன்றவற்றை நடத்திவந்தவை கடுமையாகத் திண்டாடின.

அப்போது அரசாங்கம் கொண்டுவந்த ஊழியர் பாதுகாப்புத் திட்டம், வேலையின்றி வீட்டிலிருக்கும் ஊழியரின் சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண் என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, ஏற்றுக்கொண்டது. பின்னர் சில மாற்றங்களுடன் 2021 செப்டெம்பர் முடிவுவரை அது நீடித்தது. ஆனால் பொதுப் பணத்திலிருந்து சம்பளம் பெறும் ஊழியரை அதில் சேர்க்காமல், அந்தப் பணத்திலிருந்தே தொடர்ந்து சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது அரசின் எதிர்பார்ப்பாக இருந்தது. ஆகவே எந்த ஊழியரின் சம்பளம் மானியத்திலிருந்து போகிறது, எவருடையது வியாபார வருமானத்திலிருந்து போகிறது என்று கணக்கில் தெளிவாகப் பிரித்து வைத்திருந்த ஒன்றியத்துக்கு, யாரை அத்திட்டத்தில் சேர்ப்பது என்பது சில மணி நேர வேலையாக இருந்தது. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டி வைத்திருந்தவர்களுக்கு, பழைய ஏடுகளைப் புரட்டிப் பிரிக்க வேண்டிய அவசியம் மிக மோசமான நேரத்தில் வந்து சேர்ந்தது. முதற் கேள்வி கேட்ட வட மாகாணத்து இளம் பொருளாளருக்கும் உங்கள் மகளுக்கும் இந்த ஒரு விடயத்தில் வேறுபாடே இல்லை.

அந்நாட்டில் 1994ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், ஒன்றியத்தின் வருடாந்தப் பாதீட்டுக்குப் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் ஒப்புதல் வேண்டும் என்றும், நிதி அறிக்கைகள் வெளியிடப்பட்டு மாணவர்கள் பார்க்கக் கிடைக்க வேண்டும் என்றும், வெளி அமைப்புகளுக்குக் கொடுத்த நன்கொடைகள் அறிக்கையில் காட்டப்பட வேண்டும் என்றும் விதிக்கிறது. 2010 முதல் இங்கிலாந்தின் பெரிய ஒன்றியங்கள், அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் அறக்கட்டளை ஆணையத்திலும் பதிவு செய்யப்படுகின்றன. இதன் பொருள், உங்கள் மகள் சட்டப்படி பொறுப்புள்ள அறங்காவலர். அவரோடு அமர்ந்திருக்கும் மற்ற அறங்காவலர்கள் வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர்களாக இருக்கலாம். ஆனாலும் பொறுப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். தெரியாததைக் கேட்க அவர் தயங்க வேண்டியதில்லை.

முதற் கூட்டத்திலேயே அவர் மூன்று விடயங்களைக் கேட்கலாம். வியாபாரம் நாளைக்கே நின்றால் கையிருப்பைக் கொண்டு எத்தனை மாதம் சம்பளம் கொடுக்க முடியும்? கையிருப்பில் எவ்வளவு, மன்றங்களுக்கும் கழகங்களுக்கும் சொந்தமானது? அடுத்த ஆறு மாதங்களில் எந்த மாதத்தில் பணம் மிகக் குறைவாக இருக்கும்? கடைசிக் கேள்விக்கு வருடாந்தப் பாதீடு பதில் சொல்லாது, பணம் எப்போது வரும், எப்போது போகும் என்று காட்டும் மாதவாரியான காசோட்ட மதிப்பீடுதான் சொல்லும். வருட முடிவில் உபரி காட்டும் ஒன்றியமும் ஓகஸ்ட் மாதத்தில் சம்பளம் கொடுக்கக் காசில்லாமல் நிற்கக்கூடும். நோய்த்தொற்று எதுவும் இல்லாத 2018ஆம் ஆண்டிலேயே பிரித்தானியாவின் தேசிய மாணவர் ஒன்றியம் ஏறத்தாழ 30 இலட்சம் பவுண் பற்றாக்குறையை எதிர்நோக்கித் தள்ளாடியது.

கழகப் பணம் பற்றிக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அங்குள்ள பல பல்கலைக்கழகங்களில் தமிழ் மாணவர் சங்கங்கள் கலைநிகழ்ச்சி நடத்தி, தாயகத்துப் பணிகளுக்கென்று நிதி சேர்க்கின்றன. அந்தப் பணம் பெரும்பாலும் ஒன்றியத்தின் வங்கிக் கணக்குக்குள்ளேதான் இருக்கும். குறித்த நோக்கத்துக்கெனச் சேர்த்த அறப்பணத்தை ஒன்றியத்தின் மின்கட்டணத்துக்கு எடுக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தராது. நெருக்கடி வேளையில் ஒரே கணக்கில் கிடக்கும் அந்தத் தொகையின்மேல் எவருடைய கண்ணும் படாதபடி, அது யாருடையது, எதற்கானது என்பது கூட்டக் குறிப்பில் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும்.

கேள்வி: குழப்பநிலை காரணமாக ஒன்றியத் தேர்தல் ஒத்திவைக்கப்பட்டுள்ளது. எங்கள் பதவிக்காலம் முடிந்துவிட்டது. தலைவர் பட்டம் பெற்று வெளியேறுகிறார். கணக்கை யாரிடம் ஒப்படைப்பது? செலவுகளுக்கு யார் ஒப்பமிடுவது? (ஒன்றியப் பொருளாளர், அம்பாறை மாவட்டம்)

பதில்: பதவிக்காலம் முடிந்த குழு புதிதாக எந்தச் செலவையும் தொடங்கக் கூடாது, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கடமைகளை மட்டும் தீர்க்கலாம். இடைக்கால ஏற்பாடு என்ன என்பதைப் பெரும் பொருளாளர் ஊடாகத் துணைவேந்தரிடம் எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்திலேயே பெறுங்கள். வாய்ச்சொல்லாகக் கிடைத்த அனுமதியை அடுத்த கணக்காய்வில் யாரும் ஏற்கமாட்டார்கள்.

அந்தப் பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பதவிக்காலம் முடிந்த திகதியில் கணக்கை மூடி, காசேட்டு மீதியையும் வங்கிக் கூற்று மீதியையும் ஒப்பிட்டு வங்கி இணக்கக்கூற்றைத் தயாரியுங்கள். கொடுத்தும் வங்கியில் செலுத்தப்படாத காசோலைகள் இருந்தால், ஆறு மாதம் கடந்தவற்றை வங்கி ஏற்காது. பெற்றவர்களைத் தொலைபேசியில் அழைத்து, காலம் கடக்குமுன் செலுத்தச் சொல்லுங்கள். பயன்படுத்தாத காசோலைகளின் இலக்கங்கள், பயன்படுத்தாத பற்றுச்சீட்டுகளின் இலக்கங்கள், கொடுக்க வேண்டியவை, வர வேண்டியவை, பிறருக்காக வைத்திருக்கும் நிதிகள் ஆகியவற்றின் பட்டியலில் வெளியேறும் தலைவர் புறப்படுமுன் ஒப்பமிடட்டும். அவர் பட்டமளிப்புக்கு வருவார், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒன்றியக் கணக்கின் வங்கிக் குறுஞ்செய்திகள் எந்தக் கைப்பேசிக்குப் போகின்றன, ஒன்றியத்தின் மின்னஞ்சல் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். அந்த இலக்கம் வெளியேறும் தலைவருடையதாக இருந்தால், அவர் ஊரில் இருக்கும்போதே அவரையும் பெரும் பொருளாளரையும் அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போய், அதை மாற்றும் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.